இல்லத்தை விட்டுப் போகிறவனின் பாஸ்புக்

ஒரு பொதுத்துறை வங்கியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு 2024இல் ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலத்தின் கடைசிப் பகுதி தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் இருந்த கிளையில் கழிந்தது. கிளைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு குழந்தைகள் இல்லம் இருந்ததால், அங்கே வளர்ந்த பிள்ளைகளின் சேமிப்புக் கணக்குகள் எல்லாம் எங்களிடம்தான் இருந்தன. ஆண்டுக்கு இரண்டு முறை இல்லத்துக் கண்காணிப்பாளர் ஒரு துணிப்பை நிறையப் பாஸ்புக்குகளைக் கொண்டுவந்து பதிவு போட்டுக்கொண்டு போவார். அந்தப் பாஸ்புக்குகளுக்குச் சொந்தக்காரர்களை நான் பார்த்ததே இல்லை என்பது, 2023 ஜூன் மாதத்தில் ஒரு பகல்பொழுதில் அவர்களில் ஒருவன் என் மேசை முன்னால் வந்து நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

ஏப்ரலில் அவனுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு, சென்னைக்கு அருகே ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சியாளனாகச் சேர்ந்திருந்தான். இரவு முழுக்கப் பேருந்தில் வந்த களைப்பு முகத்தில் இருந்தது. அரசு அவனுக்கென்று மாதம் 4,000 ரூபாய் அனுமதித்திருந்தது. இரண்டு மாதத் தொகை கணக்கில் ஏறியும் இருந்தது. எடுக்கத்தான் முடியவில்லை. மைனர் கணக்கு என்பதால், வயது நிறைந்தவுடன் புதிய கையெழுத்தும் புதிய ஆவணங்களும் வரும்வரை பணம் எடுப்பது நிறுத்தப்பட்டிருந்தது. கணக்கோடு இணைந்த கைப்பேசி எண் கண்காணிப்பாளருடையது. அவரோ மாற்றலாகி வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். ஒவ்வொரு ஓ.டி.பி.யும் அவருடைய சட்டைப்பைக்குப் போய்க்கொண்டிருந்தது. அறைக்கு முன்பணம் கட்டுவதற்காக, தொழிற்சாலை வாசலில் கடன் கொடுக்கும் ஒருவரிடம் நூற்றுக்குப் பத்து என்ற மாத வட்டிக்கு 5,000 ரூபாய் வாங்கியிருந்தான். தன் கணக்கில் 8,000 ரூபாய் சும்மா கிடக்கும்போது, 5,000 ரூபாய்க்கு மாதம் 500 ரூபாய் வட்டி கட்டிக்கொண்டிருந்தான்.

"சார், இது என் பணம்தானே?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே அவனுக்குச் சந்தேகம் இருந்தது.

அன்று மாலைக்குள் கணக்கைச் சரிசெய்து கொடுத்தேன். அதற்குப் பிறகுதான், இல்லங்களை விட்டு வெளியேறும் பிள்ளைகளுக்கான நிதி உதவி என்ற விஷயத்தைச் சட்டப் புத்தகத்திலிருந்து கவுன்டர் வரைக்கும் தொடர்ந்து போய்ப் பார்க்க ஆரம்பித்தேன். ஓய்வு பெற்ற பிறகு, அந்த வட்டாரத்து இல்லங்களில் பதினேழு வயதைக் கடந்தவர்களுக்கு வங்கிக் காரியங்களில் துணையாக இருந்து வருகிறேன். இந்தப் பதிவு அந்த அனுபவத்திலிருந்து எழுதுவது.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 46ஆம் பிரிவில், பதினெட்டு வயது நிறைந்து குழந்தைப் பராமரிப்பு நிறுவனத்தை விட்டு வெளியேறுகிற குழந்தைக்கு, அது சமூகத்தோடு மீண்டும் இணைவதற்கு உதவியாக நிதி ஆதரவு அளிக்கப்படலாம் என்று சொல்கிறது. 'அளிக்கப்படும்' அன்று, 'அளிக்கப்படலாம்'. நம் மொழியில் ஒரு 'லாம்' எவ்வளவு தூரம் இழுக்கும் என்பது அரசு அலுவலகத்தில் காத்திருந்த எவருக்கும் தெரியும். பார்க்கலாம், செய்யலாம், அடுத்த வாரம் வரலாம். உரிமை என்றால் கேட்டு வாங்கலாம், கிடைக்காவிட்டால் வழக்குப் போடலாம். அனுமதி என்றால் கொடுப்பவரின் மனமும் மேசையும் காலியாக இருக்க வேண்டும்.

அந்தப் பிரிவில் இன்னொரு சொல்லையும் கவனிக்க வேண்டும். 'நிறுவனத்தை விட்டு வெளியேறும்' குழந்தை என்றுதான் அது பேசுகிறது. பிற்காப்பு, அதாவது வெளியேறிய பிறகு தரும் ஆதரவு, என்பதற்குச் சட்டம் தரும் விளக்கமும், நிறுவனப் பராமரிப்பிலிருந்து வெளியேறி இருபத்தொரு வயது நிறையாதவர்களைத்தான் குறிக்கிறது. அதே சட்டத்தின் 44ஆம் பிரிவு வளர்ப்புப் பராமரிப்பைப் பற்றிப் பேசுகிறது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை, தத்துக் கொடுக்காமல், வேறொரு குடும்பத்தில் வளரவிடும் ஏற்பாடு அது. 2024இல் வந்த புதிய மாதிரி வழிகாட்டுதல்கள், தனியாக வாழ்கிறவர்களும் வளர்ப்புப் பெற்றோர் ஆகலாம் என்று வழியைத் திறந்திருக்கின்றன. நல்லது. ஆனால் அப்படி ஒரு குடும்பத்தில் வளர்ந்த பிள்ளைக்குப் பதினெட்டு நிறைந்து, அந்தக் குடும்பத்துக்கு வரும் உதவித்தொகையும் நின்று போனால், அவள் எந்த 'நிறுவனத்தை' விட்டு வெளியேறினாள் என்று விண்ணப்பத்தில் எழுதுவது? இல்லத்தைவிடக் குடும்பம் மேல் என்று ஒரு பிரிவில் சொல்லிவிட்டு, குடும்பத்தில் வளர்ந்தவளின் பெயரை இரண்டு பிரிவு தள்ளி விட்டுவிட்டார்கள்.

சட்டத்தைவிட, அதன் கீழ் வந்த 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகள் தாராளமானவை. இருபத்தொரு வயது வரை உதவி, சிறப்புச் சூழ்நிலைகளில் மேலும் இரண்டு ஆண்டுகள், அதாவது இருபத்துமூன்று வரை. ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தற்காலிகமாகத் தங்கும் குழு வீடு, தொழிற்பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை, தொழில் தொடங்கக் கடனுக்கும் மானியத்துக்கும் ஏற்பாடு, தொடர்ந்து தொடர்பில் இருக்க ஓர் ஆலோசகர் என்று விதி அடுக்கிக்கொண்டே போகிறது. பிள்ளை வெளியேறுவதற்கு இரண்டு மாதம் முன்பே, அதற்குப் பிறகு அவனுக்கு என்ன தேவை என்ற திட்டத்தை எழுதிக் குழந்தைகள் நலக் குழுவிடம் கொடுத்துவிட வேண்டும் என்றும், அத்தியாவசியச் செலவுக்கான பணம் அவரவர் வங்கிக் கணக்குக்கே நேராகப் போக வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. எழுதியவர் விவரம் தெரிந்தவர். பணம் இல்லத்தின் கணக்குக்குப் போய் அங்கிருந்து பிரிந்தால் என்ன ஆகும் என்பதை அவர் எங்கோ பார்த்திருக்க வேண்டும்.

தொகை என்று பார்த்தால், மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவுக்கு 2022இல் வந்த வழிகாட்டுதல்கள் மாதம் 4,000 ரூபாய் என்று வைத்திருக்கின்றன. பெரும்பாலான மாநிலங்களில் அதில் அறுபது பங்கு மத்திய அரசினுடையது, நாற்பது பங்கு மாநில அரசினுடையது. அதற்கு முந்தைய திட்டத்தில் 2,000 ரூபாயாக இருந்தது. ஒரகடம், ஓசூர் பக்கம் நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும் அறையில் ஒருவன் பங்கும் மெஸ் சாப்பாடும் போனால், 4,000 ரூபாயில் சில்லறை கூட மிஞ்சாது. ஆனாலும் அந்தத் தொகையை நான் குறைசொல்ல மாட்டேன். மாதாமாதம் ஒன்றாம் தேதி நிச்சயமாக வருகிற 4,000 ரூபாய், எப்போது வரும் என்று தெரியாத 8,000 ரூபாயைவிடப் பெரியது என்பது சம்பளத்தில் வாழ்ந்த எல்லோருக்கும் தெரியும். என் வருத்தம் முதல் தவணை பற்றியது. இல்லத்தை விட்டு வெளியேறுகிறவனுக்கு ஆகிற செலவில் பாதி முதல் இருபது நாளில் வந்துவிடுகிறது: அறை முன்பணம், பாய், தலையணை, பக்கெட், இரண்டு சட்டை, பேருந்துக் கட்டணம், முதல் சம்பளம் வரும்வரை சாப்பாடு. மற்ற பிள்ளைகளுக்கு இதெல்லாம் செலவு என்றே தோன்றாது. அம்மா வீட்டிலிருந்து ஒரு பக்கெட்டை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவாள். இங்கிலாந்தில், அரசின் பராமரிப்பிலிருந்து வெளியேறுகிறவருக்கு வீடு அமைத்துக்கொள்ளவென்றே தனியாக ஒரு தொகை உண்டு. 2023 ஏப்ரலில் அதை 2,000 பவுண்டிலிருந்து 3,000 பவுண்டாக உயர்த்தினார்கள். நாம் அவர்களுடைய தொகைக்கு ஆசைப்பட வேண்டாம். பக்கெட்டுக்கும் பாய்க்கும் ஒரு தனித் தலைப்பு வேண்டும் என்கிற அந்த நினைப்பு வந்தால் போதும்.

என் தொழிலைச் சேர்ந்த சங்கதிக்கு வருகிறேன். இதில் தவறு எங்கள் பக்கமும் இருக்கிறது. 2014ஆம் ஆண்டு மே மாதமே ரிசர்வ் வங்கி, பத்து வயதுக்கு மேற்பட்ட சிறுவர்கள் தாங்களே கணக்குத் தொடங்கி இயக்க வங்கிகள் அனுமதிக்கலாம் என்று சொல்லிவிட்டது. (இங்கேயும் ஒரு 'லாம்'.) இருந்தும் நாங்கள் இல்லத்துப் பிள்ளைகளின் கணக்குகளைக் காப்பாளர் இயக்கும் கணக்குகளாகவே தொடங்கினோம், எங்களுக்கு அதுதான் சுலபம். ஒரே ஆள் வருவார், ஒரே கையெழுத்து, ஐம்பது பாஸ்புக். அதன் விளைவு, பதினெட்டு ஆண்டுகளில் ஒருமுறைகூடப் பணம் எடுக்கும் படிவத்தை நிரப்பாத ஒருவன், பதினெட்டாம் பிறந்தநாளுக்கு மறுநாள் தன் முழுப் பொருளாதாரத்தையும் தானே நடத்த வேண்டியவனாகிறான். செல்லானைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். அவள் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கியவள்.

முகவரி ஒரு தனிப் புராணம். இல்லத்துப் பிள்ளையின் ஆதாரில் இருப்பது இல்லத்தின் முகவரி. இல்லத்துக் கண்காணிப்பாளர் தரும் சான்றிதழைக் கொண்டு ஆதார் வாங்க வழி இருப்பதால் ஆதார் கிடைத்துவிடுகிறது. ஆனால் வெளியேறிய நாளிலிருந்து அந்த முகவரி அவனுடையது அன்று. புதிய இடத்திலோ நால்வர் அறையில் வாடகை ஒப்பந்தம் ஒருவர் பெயரில்தான் இருக்கும், பெரும்பாலும் ஒப்பந்தமே இருக்காது. ஏ.டி.எம். அட்டை பழைய முகவரிக்குப் போய், 'ஆள் இல்லை' என்று திரும்பி வந்து கிளையின் இரும்பு அலமாரியில் தூங்கும். கைப்பேசி எண்ணின் கதையும் இப்படித்தான். பதினெட்டு நிறையாதவர் பெயரில் சிம் கார்டு தர மாட்டார்கள் என்பதால், அதுவரை எல்லா இணைப்பும் யாரோ ஒரு பெரியவரின் எண்ணில் இருக்கிறது. அதனால் நான் இப்போது பழகும் பிள்ளைகளிடம், பிறந்தநாளன்று கோயிலுக்குப் போகிறீர்களோ இல்லையோ, சிம் கார்டு கடைக்கு முதலில் போங்கள் என்று சொல்கிறேன். சிம், பிறகு ஆதாரில் அந்த எண், பிறகு வங்கியில் அந்த எண். இந்த வரிசை மாறினால் மூன்று வாரம் வீண்.

இன்னொரு பெட்டி, படிவத்தின் அடியில் இருப்பது: நியமனதாரர், அவருக்கும் உங்களுக்கும் உள்ள உறவு. ஒரகடத்துப் பையன் அன்று அந்த இடத்தில் பேனாவை வைத்தபடியே இருந்தான். உறவினராகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை, யார் பெயரையும் எழுதலாம், பிறகு மாற்றிக்கொள்ளவும் செய்யலாம் என்று சொன்னேன். இல்லத்தில் அவனுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவனின் பெயரை எழுதினான். உறவு என்ற கட்டத்தில் என்ன எழுத என்று கேட்டான். 'நண்பர்' என்று எழுதச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு 'தம்பி' என்று எழுதினான், நான் அதை அடித்துத் திருத்தவில்லை.

கல்விக் கடன் இன்னும் கடினமான இடம். வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை ஈடு எதுவும் வேண்டியதில்லை. ஆனால் பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். பெற்றோர் இல்லாதவர்களுக்கு யார் கையெழுத்திடுவது? கண்காணிப்பாளர் அரசு ஊழியர் அல்லது தொண்டு நிறுவனத்தின் ஊழியர். அவர் தன் சொந்தப் பொறுப்பில் கையெழுத்துப் போடுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை. நல்ல மேலாளர்கள் வழி கண்டுபிடிக்கிறார்கள் என்பது உண்மை. நல்ல மேலாளர் மாற்றலாகிப் போவார் என்பதும் உண்மை. தமிழ்நாட்டுப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஒரு பதிவு இருக்கிறது, பலருக்குத் தெரியாது. பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, கவனிக்க வேறு யாரும் இல்லாமல், அரசோ அரசு அங்கீகரித்த அமைப்போ நடத்தும் இல்லத்தில் சேர்க்கப்பட்ட ஆதரவற்ற குழந்தைகளையும் அந்தப் பட்டியல் சேர்த்துக்கொள்கிறது. சாதிச் சான்றிதழுக்குக்கூட ஓர் இடம் யோசித்து வைத்த அரசு, கூட்டுக் கடனாளிக் கட்டத்துக்கும் ஒன்றை யோசிக்க முடியும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகே உத்தரவாதம் தரலாம்.

மொத்தமாகக் கொடுப்பதா, மாதாமாதம் கொடுப்பதா என்று என்னிடம் கேட்கிறார்கள். கொரோனாவில் தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசு 2021 மே மாதத்தில் 5 லட்சம் ரூபாய் வைப்புத் தொகையை அறிவித்தது; பதினெட்டு வயது நிறையும்போது வட்டியோடு கைக்கு வரும். அதே நாட்களில் மத்திய அரசு அறிவித்த பி.எம். கேர்ஸ் திட்டத்தில் ஏற்பாடு வேறு: 10 லட்சம் ரூபாய்த் தொகுப்பிலிருந்து பதினெட்டு முதல் இருபத்துமூன்று வயது வரை மாதாந்திர உதவி, பிறகு இருபத்துமூன்றில் மொத்தத் தொகை. வங்கிக்காரனாக என் ஓட்டு இரண்டாவதற்குத்தான். பதினெட்டு வயதில் பெரிய தொகை வரப்போகிறது என்ற செய்தி காற்றில் பரவினால், அதுவரை இல்லாத சித்தப்பாக்கள் முளைப்பார்கள். இனிப்போடு வருவார்கள், பைக்குக் கடன் ஏற்பாடு செய்வார்கள், சேர்ந்து தொழில் செய்யலாம் என்பார்கள். பதினெட்டு வயதில் இதற்கு 'முடியாது' என்று சொல்வது எனக்கே முடிந்திருக்காது. இப்படிச் சொன்னால், இல்லத்துப் பிள்ளைகளுக்குப் பணத்தைக் கையாளத் தெரியாது என்கிறீர்களா என்று ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். எந்தப் பதினெட்டு வயதுக்காரனுக்குத் தெரியும்? மற்றவர்களுக்குத் தவறு செய்தால் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறது, வித்தியாசம் அவ்வளவுதான்.

வேல்ஸ் நாட்டில் 2022 ஜூலையில் ஒரு சோதனைத் திட்டம் தொடங்கினார்கள். பராமரிப்பிலிருந்து வெளியேறி, 2022 ஜூலை முதல் 2023 ஜூன் வரை பதினெட்டு வயதான எல்லோருக்கும், மாதம் 1,600 பவுண்டு, இரண்டு ஆண்டுகளுக்கு. வரி போகக் கையில் 1,280 பவுண்டு. வேலைக்குப் போகிறாயா, படிக்கிறாயா என்ற நிபந்தனை எதுவும் இருக்கவில்லை. எனக்கு அதில் பிடித்தது ஒரு சின்ன ஏற்பாடு: பணத்தை மாதம் ஒரு முறை வாங்குவதா, இரண்டு முறையாகப் பிரித்து வாங்குவதா, வாடகையை மட்டும் வீட்டுக்காரருக்கே நேராக அனுப்பச் சொல்வதா என்பதை வாங்குகிறவரே முடிவு செய்ய முடிந்தது. நம் நாட்டிலேயே இமாச்சலப் பிரதேசம் 2023இல் சுக் ஆஷ்ரய் என்ற பெயரில் தனிச் சட்டமே கொண்டுவந்து, இத்தகைய பிள்ளைகளை 'மாநிலத்தின் பிள்ளைகள்' என்று அழைத்து, இருபத்தேழு வயது வரை பொறுப்பை ஏற்றுக்கொண்டிருக்கிறது. வீடு கட்டவும் தொழில் தொடங்கவும் அதில் உதவி உண்டு. நம்மைவிடச் சிறிய, வருமானம் குறைந்த மாநிலம் அது என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பையன் பதினெட்டில் வெளியேறினால் 'வேலைக்குப் போய்விடுவான்' என்கிறார்கள்; பெண் என்றால் 'யாராவது நல்லபடியாகக் கட்டிக்கொடுத்துவிட்டால் தேவலை' என்கிறார்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். நான்காண்டு செவிலியர் படிப்பில் இருக்கும் ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாயும் பிற்காப்பின் 4,000 ரூபாயும் அவளுக்கு வருகின்றன. கட்டணத்தை ஒரு தொண்டு அமைப்பு பார்த்துக்கொள்கிறது. கணக்குப்படி அவளுக்குக் குறையில்லை. முதலாண்டு பொங்கல் விடுமுறைக்குக் கல்லூரி விடுதியை ஐந்து நாள் மூடினார்கள். வளர்ந்த இல்லத்தில் பதினெட்டைக் கடந்தவர்களைத் தங்கவைக்க விதி இடம் தராது. அவள் இரண்டு நாள் தோழி வீட்டில் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் அவர்களுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று பெண்கள் விடுதி ஒன்றில் தினவாடகைக்கு அறை எடுத்தாள். அந்த மாதத்துப் பணம் அதிலேயே போய்விட்டது. எந்தத் திட்டத்தின் எந்தப் பத்தியிலும் பொங்கல் விடுமுறை இல்லை. விதியில் இருக்கும் அந்த ஆறு பேர், எட்டுப் பேர் குழு வீடு ஊருக்கு ஒன்றாவது இருந்தால் இந்தக் கதையே கிடையாது.

அவளுக்கு வரும் மார்ச்சில் இருபத்தொன்று நிறைகிறது. படிப்பு முடிய அதற்குப் பிறகும் ஒன்றரை ஆண்டு இருக்கிறது. இருபத்துமூன்று வரை நீட்டிக்க விதி இருக்கிறதே என்று, சிறப்புச் சூழ்நிலை என்பதை விளக்கி, கல்லூரிச் சான்றிதழோடு நான்கு மாதம் முன்பே விண்ணப்பம் கொடுத்தோம். போன வாரம் விசாரித்தபோது, கோப்பு மேலே போயிருக்கிறது, வந்துவிடலாம் என்றார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நானும் அவளும் மறுபடியும் அங்கே போகிறோம். விண்ணப்பத்தின் நகலை மூன்று பிரதிகள் எடுத்து வைத்திருக்கிறேன்.